பாணி மருந்துப் போத்தலுக்குள் என்னென்ன இருக்கிறது?



நம்முடைய லயத்துக் காம்பிராக்களில் சாமித் தட்டுக்குப் பக்கத்திலோ ஜன்னல் கட்டையிலோ இரண்டு மூன்று மருந்துப் போத்தல் இல்லாத வீடு குறைவு. ஒன்று காய்ச்சல் மருந்து, ஒன்று சளி மருந்து, இன்னொன்று போன வருஷம் பாதி குடித்து மீதி வைத்தது. குளிசை என்றால் யோசிக்கிற ஆட்கள் கூட, "பாணி மருந்துதானே, ஒன்றும் செய்யாது" என்று கரண்டியில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இனிப்பாகவும் கலராகவும் இருப்பதால் அது சர்பத் மாதிரித் தெரிகிறது. சர்பத் இல்லை. போத்தலுக்குள் என்ன இருக்கிறது, ஒவ்வொன்றையும் எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டால், எப்படிக் கொடுப்பது, எப்படி வைப்பது என்பது பாதி தானாகவே விளங்கிவிடும். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

மருந்து கொஞ்சம், மற்றது அதிகம்

வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்பெல்லாம் டிஸ்பென்சரிக்கு மருந்துத் தண்ணி வாங்கப் போனால் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டு போக வேண்டும். கடுதாசித் துண்டைப் பல்லுப் பல்லாக வெட்டிப் போத்தலில் ஒட்டித் தருவார்கள். ஒரு பல் ஒரு வேளை. வயிற்றுப் பொருமலுக்குக் கொடுத்த மிக்சரில் சோடாவும், இஞ்சி, ஏலக்காய் டிங்சரும் இருக்கும். அந்த மருந்து அன்றைக்குக் கலக்கி இரண்டு மூன்று நாளில் முடிக்கிற மருந்து. அதற்கு மேல் நிற்காது.

இப்போது பாமசியில் வாங்குகிற போத்தல் அப்படி இல்லை. தொழிற்சாலையில் செய்து, கப்பலில் வந்து, ஸ்டோரில் கிடந்து, நம்ம கைக்கு வரும்போது ஒரு வருஷம் கூட ஆகியிருக்கலாம். அவ்வளவு காலம் கெடாமல் இருக்க வேண்டும், அடியில் கட்டியாகப் படியக் கூடாது, பிள்ளை துப்பாமல் குடிக்கவும் வேண்டும். இதற்காகவே பல பொருட்களைச் சேர்க்கிறார்கள்.

பரசிற்றமோல் பாணியை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகக் கொடுப்பதில் 5 மில்லியில் 120 மில்லிகிராம்தான் மருந்து. பெரியவர்கள் போடுகிற ஒரு குளிசையில் இருப்பது 500 மில்லிகிராம். அப்படியென்றால் அந்தக் கரண்டியில் மீதி இருப்பது சீனி, தண்ணி, கரைக்கிற பொருள், கெடாமல் வைக்கிற பொருள், நிறம், வாசனை இவைதான்.

சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை

கித்துள் பாணியை அலுமாரியில் மாதக்கணக்கில் வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்காது. அதே பாணியில் தண்ணி விட்டுக் கலக்கி வைத்தால் இரண்டு நாளில் நுரை வந்து புளித்துவிடும். காரணம் என்ன? கிருமி உயிர் வாழத் தண்ணி வேண்டும். சீனி மிகக் கெட்டியாக இருந்தால் தண்ணியைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமியின் உடம்பில் இருக்கிற தண்ணியையும் வெளியே இழுத்துவிடும். கருவாட்டில் உப்பு செய்கிற வேலையும் இதுதான். மருந்துக்காரர்களின் பழைய கணக்குப்படி 1 கிலோ சீனிப்பாணியில் 667 கிராம் சீனி, மீதி தண்ணி. அந்தக் கெட்டியில் வேறு ஒன்றும் சேர்க்காமலே பாணி நிற்கும்.

இன்றைக்குப் பல மருந்தில் அவ்வளவு சீனி போடுவதில்லை. பல் சூத்தை வரும், சீனி வியாதிக்காரருக்கு ஆகாது என்று குறைத்து, பதிலாக சோர்பிட்டோல் போன்ற இனிப்பைச் சேர்க்கிறார்கள். (சோர்பிட்டோல் கூடினால் வயிறு இளகும். மருந்து குடித்த பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணியாகப் போனால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.) சீனி குறைகிற இடத்தில் கிருமி வளராமல் இருக்க பராபென், சோடியம் பென்சொயேற் மாதிரி ஒன்றை மிகக் கொஞ்சமாகப் போடுகிறார்கள். ஜாம் போத்தலிலும் கோர்டியல் போத்தலிலும் இதே பெயர்களைப் பார்க்கலாம்.

இதிலிருந்து நமக்கு ஒரு வேலை இருக்கிறது. ஈரக் கரண்டியைப் போத்தலுக்குள் விடக்கூடாது. போத்தல் வாயைப் பிள்ளையின் வாயில் வைக்கக்கூடாது. "கெட்டியா இருக்கு, இறங்க மாட்டேங்குது" என்று போத்தலிலேயே தண்ணி ஊற்றிக் கலக்கக்கூடாது. ஊற்றினால் இரண்டு காரியம் கெடும். கெடாமல் காக்கிற சக்தி போய்விடும், மருந்தின் அளவும் மாறிவிடும். குடித்த பிறகு பிள்ளைக்கு இரண்டு மிடறு கொதித்தாறிய தண்ணி கொடுங்கள், பல்லில் சீனி நிற்காது. ராத்திரிப் படுக்கும்போது கொடுக்கிற மருந்துக்கு இது முக்கியம்.

கரைக்கிற பொருளும் அதில் வந்த மோசமும்

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிள்ளைகள் செத்த விஷயம் இது.

எல்லா மருந்தும் தண்ணியில் கரையாது. 5 மில்லி வெறும் தண்ணியில் 120 மில்லிகிராம் பரசிற்றமோல் முழுதாகக் கரையாது. அதனால் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கோல் என்று கொழகொழப்பான, லேசான இனிப்புள்ள திரவங்களைச் சேர்க்கிறார்கள். சரியான தரத்தில் சரியான அளவில் இருந்தால் இவற்றால் கெடுதி இல்லை.

இவற்றைப் போலவே இன்னொரு திரவம் இருக்கிறது. பெயர் டையெதிலீன் கிளைக்கோல். அதுவும் நிறமில்லாதது, கொழகொழப்பானது, இனிப்பானது. விலை குறைவு. தொழிற்சாலை வேலைகளுக்குப் பாவிக்கிற சாமான், வாகன பிரேக் எண்ணெயிலும் சேரும். அதுவும் அதன் தம்பி முறையான எதிலீன் கிளைக்கோலும் உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

1937இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, சல்பா மருந்தைப் பிள்ளைகளும் குடிக்கிற மாதிரி திரவமாகச் செய்யப் பார்த்தது. அந்த மருந்து தண்ணியில் கரையவில்லை. டையெதிலீன் கிளைக்கோலில் நன்றாகக் கரைந்தது. வாசனையும் நிறமும் சேர்த்து, ருசி பார்த்து விற்பனைக்கு விட்டுவிட்டார்கள். விஷம் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை, சோதிக்கச் சொல்லி அன்றைக்குச் சட்டமும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் பல பேர் சின்னப் பிள்ளைகள். அடுத்த வருஷம், 1938இல், புது மருந்து எதையும் ஆபத்தில்லை என்று காட்டாமல் விற்கக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022இல் ஆபிரிக்காவில் கம்பியா என்ற சின்ன நாட்டில் குறைந்தது 66 பிள்ளைகள் இருமல், காய்ச்சல் பாணி குடித்த பிறகு சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். அதே வருஷம் இந்தோனேசியாவில் 200 பிள்ளைகளுக்கு மேல். அங்கே பீப்பாயில் புரொப்பிலீன் கிளைக்கோல் என்று எழுதியிருந்தது, உள்ளே இருந்தது வேறு. 2025 செப்ரெம்பர், ஒக்ரோபரில் இந்தியாவில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் கோல்ட்ரிஃப் என்ற இருமல் பாணியைக் குடித்த பிள்ளைகளில் 20 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அந்தப் பாணி செய்யப்பட்டது தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்துப் பார்த்தபோது அதில் நூற்றுக்கு 48.6 பங்கு டையெதிலீன் கிளைக்கோல் இருந்தது. அசுத்தமாகக் கலந்திருக்க அனுமதிக்கிற அளவு நூற்றுக்கு 0.1 பங்குதான்.

எப்படி இப்படி நடக்கிறது? ஒரு பீப்பாய் கிளிசரின் பல கை மாறி வருகிறது. நடுவில் ஒரு வியாபாரி லாபத்துக்காக மலிவுச் சாமானை ஊற்றி லேபலை ஒட்டிவிடுகிறான். மருந்து செய்கிறவர் ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்தால் பிடிபட்டுவிடும். சோதிக்காமல் விட்டால் நேரே பிள்ளையின் வாய்க்கு வந்துவிடுகிறது. செத்த பிள்ளைகளில் அநேகம் பேருக்கு இருந்தது சாதாரணத் தடிமன் காய்ச்சல். அந்தப் பாணி இல்லாமலே நாலைந்து நாளில் மாறியிருக்கும். எனக்கு இதுதான் மனசைப் பிசைகிற விஷயம்.

தாய் தகப்பன் இதைக் கண்ணால் பார்த்தோ, மோந்தோ, நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க முடியாது. நம்மால் முடிந்தது மருந்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான். நம் நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்து அனுமதி கொடுக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரி, அரசாங்க ஆஸ்பத்திரி, ஒசுசல, லைசன்ஸ் உள்ள பாமசி, இவற்றில் வாங்குங்கள், பாமசியில் பில் கேளுங்கள். பலசரக்குக் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து விற்கிற பாணி வேண்டாம். இந்தியாவுக்குப் போய் வந்த சொந்தக்காரர், "அங்க நல்ல மருந்து" என்று அன்பாகக் கொடுக்கிற போத்தலும் வேண்டாம். சேலையை வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தை வாங்காதீர்கள்.

எந்தப் பாணி கொடுத்தாலும் பிள்ளை ஒன்றுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். மருந்து குடிக்கத் தொடங்கிய பிறகு வாந்தி, வயிற்று வலி, அசதி வந்து, ஒன்றுக்குப் போவதும் குறைந்துவிட்டால் மருந்தை உடனே நிறுத்தி, அந்தப் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலையில் பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 1990க்குப் போன் பண்ணினால் சுவசரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

ஏன் குலுக்க வேண்டும்?

கரையாத மருந்தைச் சில நேரம் கரைக்காமலே மிதக்க விடுகிறார்கள். மாவைத் தண்ணியில் கரைத்த மாதிரி. அடியில் கட்டி பிடிக்காமல் இருக்க ஒரு பசையும் சேர்ப்பார்கள். ஆனாலும் போத்தல் சும்மா இருந்தால் மருந்து மெதுவாகக் கீழே இறங்கும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாலு நாள் பிள்ளைக்குப் போவது இனிப்புத் தண்ணி. கடைசி நாள் போவது மொத்த மருந்தும். "முதல்ல கேட்கவேயில்ல, பிறகு ஒரேயடியா வயித்தக் கலக்கிருச்சி" என்று டிஸ்பென்சரியில் வந்து சொல்கிறவர்கள் சில பேருக்கு நடந்தது இதுதான்.

அமொக்சிசிலின் மாதிரி மருந்து தூளாகவே போத்தலில் வரும். தண்ணி சேர்ந்துவிட்டால் அதன் சக்தி நாளுக்கு நாள் குறைந்துவிடும் என்பதால்தான் தூளாக வைத்திருக்கிறார்கள். அதைக் கலக்குவதற்குப் பீலித் தண்ணியை அப்படியே பிடித்து ஊற்றக்கூடாது. கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய தண்ணி வேண்டும். சூட்டோடு ஊற்றினாலும் மருந்து கெடும். முதலில் போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, பாதி அளவுக்குத் தண்ணி விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கட்டும். பிறகு கோடு வரைக்கும் ஊற்றித் திரும்பவும் குலுக்குங்கள். நுரையைப் பார்த்துக் கோடு வந்துவிட்டது என்று நிறுத்தினால் மருந்து காரமாகிவிடும். மிக நல்லது டிஸ்பென்சரியிலேயே கலந்து தரச் சொல்வது. கலந்த மருந்து பொதுவாக 7 நாளைக்குத்தான். சிலது பிரிஜ்ஜில் வைத்தால் 14 நாள் நிற்கும். லேபலில் உள்ளதைக் கேட்டுத் தெரிந்து, கலந்த திகதியைப் போத்தலில் பேனாவால் எழுதி வையுங்கள். மீதி இருந்தால் அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதீர்கள்.

கரண்டிக் கணக்கு

வீட்டில் உள்ள தேக்கரண்டிகளை எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணி எடுத்து ஊற்றிப் பாருங்கள். சிலது 3 மில்லி கூடக் கொள்ளாது, சிலது 7 மில்லி வரை கொள்ளும். அக்கா கரண்டியில் குறைவு, பாட்டி கரண்டியில் கூட. மருந்தோடு வருகிற மூடி, கரண்டி அல்லது டிஸ்பென்சரியில் தருகிற சிரிஞ்ச், இதில் ஒன்றில்தான் அளக்க வேண்டும். அதைப் பெட்டியோடு எறிந்துவிடாதீர்கள்.

பரசிற்றமோலுக்கு வயதை விட நிறைதான் சரியான கணக்கு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 8 கிலோ பிள்ளைக்கு 120 மில்லிகிராம், அதாவது 120க்கு 5 என்று எழுதிய பாணியில் 5 மில்லி. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம், 7.5 மில்லி. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. பிள்ளையின் நிறை கிளினிக் புத்தகத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாணி கொடுத்துப் பார்க்காதீர்கள், காட்டத்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கைக்குழந்தைக்குச் சொட்டாகக் கொடுக்கிற பரசிற்றமோலும் இருக்கிறது. அதில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சின்னப் போத்தல், சின்னப் பிள்ளை மருந்து, அதனால் லேசானது என்று நினைத்து 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். இப்படி இரண்டு நாள் கொடுத்தால் ஈரல் கெடும். சளி மருந்து சிலதுக்குள்ளும் பரசிற்றமோல் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டை அளவு. டெங்கு பரவுகிற காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோலைத் தவிர இபுபுரொபன், அஸ்பிரின் ஒன்றும் டொக்டர் சொல்லாமல் வேண்டாம், இரத்தம் கசிய வைக்கும்.

தூங்க வைக்கிற பாணி

இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். தடிமன், கடிக்குக் கொடுக்கிற பிரிட்டன் பாணியில் உள்ள குளோர்பெனிரமின் தூக்கம் வர வைக்கும். பிள்ளை அழாமல் கிடக்கட்டும் என்று அதைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். விடிய எழும்பி, சமைத்து, கொழுந்து எடுக்க ஓடுகிற அம்மாவின் கஷ்டம் தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் கைக்குழந்தைக்கு அந்தத் தூக்கம் அளவு மீறினால் மூச்சையும் அமுக்கும், சில பிள்ளைகளுக்கு வலிப்பும் வரும். பிள்ளை மடுவத்தில் கொண்டு வந்து விடும்போது காலையில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை அங்கே உள்ளவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் கீழே டொக்டர் எழுதாமல் இந்தப் பாணி கொடுக்கவே கூடாது.

கிரைப் வாட்டரும் மருந்துதான். 1851இல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது, அந்தக் காலத்தில் அதில் சாராயமும் இருந்தது. இப்போது சாராயம் இல்லாமல் செய்கிறார்கள். ஆனாலும் ஆறு மாதம் வரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு ஒன்றும் தேவையில்லை. பெரியவர்கள் குடிக்கிற அரிஷ்டம், ஆசவத்தில் புளித்து வந்த சாராயம் இயற்கையாகவே இருக்கும், அதைப் பிள்ளைக்கு "சளிக்கு நல்லது" என்று ஊற்றாதீர்கள்.

ஜீவனி மட்டும் ஒரு நாளைக்குத்தான்

ஜீவனியிலும் சீனி வகைதான் இருக்கிறது, ஆனால் இங்கே வேலை வேறு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 1 லீற்றர் தண்ணிக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட், 2.9 கிராம் சிட்ரேற். வயிற்றோட்டத்தில் குடல் தண்ணியை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும், உப்புக்குப் பின்னால் தண்ணி போகும். அதனால்தான் அளவு முக்கியம். 1 லீற்றர் பக்கட்டைப் பாதித் தண்ணியில் கரைத்தால் குடலில் இருந்து தண்ணி வெளியே இழுக்கப்பட்டு வயிற்றோட்டம் கூடும். சீனி, தேயிலைச் சாயம், சோடா எதையும் சேர்க்க வேண்டாம். இதில் சீனி மெலிதாக இருப்பதால் கிருமிக்கு நல்ல சாப்பாடு. பாணி போல நிற்காது. 24 மணித்தியாலம் கழிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

வைக்கிற இடம், காலிப் போத்தல்

அடுப்புப் பக்கத்திலும் வெயில் படுகிற ஜன்னலிலும் மருந்து வைக்காதீர்கள். மூடியைத் துடைத்து இறுக்கி மூடுங்கள், எறும்பு முதலில் வரும், பிறகு பிள்ளை வரும். உயரமான இடத்தில் டின்னுக்குள் வையுங்கள். நிறம் மாறினால், புளித்த வாசம் வந்தால், குலுக்கியும் கட்டி கரையாவிட்டால் பாவிக்காதீர்கள். லேபல் இங்கிலீஷில் இருக்கும். ஈ, எக்ஸ், பி என்ற மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் உள்ளதுதான் முடிவு திகதி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.

மருந்து முடிந்த போத்தலில் மண்ணெண்ணெய், புல்லெண்ணெய், பினோல் ஊற்றி வைக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். குப்பி விளக்குக்கு எண்ணெய் வைத்த காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. நேற்று அந்தப் போத்தலிலிருந்து இனிப்பு மருந்து குடித்த பிள்ளை இன்றைக்கும் அதைத்தான் தேடி எடுக்கும். அப்படி மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். உப்புத் தண்ணியும் வேண்டாம். போத்தலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலிப் போத்தலின் லேபலைக் கிழித்து, தண்ணியில் கழுவி, மூடியைத் தனியாக எறியுங்கள். அளவுச் சிரிஞ்சை மட்டும் கழுவிக் காய வைத்து எடுத்து வையுங்கள்.